நான்கு மூலை கொண்ட நோய்

ஆங்கிலேயர் எங்கள் நாட்டுக்கு விட்டுச் சென்றவை எவை என்ற வினாவுக்கு, கல்லூரியில் படித்த காலத்தில் நான் இரண்டு பக்கத்தில் விடை எழுதிப் பரிசும் பெற்றிருக்கிறேன். புகையிரதப் பாதை, தேயிலைத் தோட்டம், நீதிமன்றம், பரீட்சை என்று ஒழுங்காக அடுக்கியிருந்தேன். என் வீட்டையும் ஒரு கட்டத்தில் என் ஒரே மகளின் எதிர்காலத்தையும் ஆட்டிவைக்கப்போகிற ஆங்கிலேயர் ஒருவர் அந்த விடையில் இல்லை. அவர் எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு துறவி. இக்குறிப்பில் எவருடைய பெயரையும் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருப்பதால் அவருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். இளமையில் மரப்பொந்தொன்றில் தனித்து வாழ்ந்தார் என்றும், கார்மேல் மலையிலிருந்து வந்த துறவிகளோடு சேர்ந்து பின்னர் அவர்களுக்குத் தலைவரானார் என்றும், ஒருநாள் தேவமாதா அவருக்குக் காட்சி கொடுத்து, மண்ணிறத் துணியொன்றைத் தந்து, இதை அணிந்தபடி இறப்பவர் நித்திய நெருப்புக்குப் போவதில்லை என்று வாக்களித்தார் என்றும் கத்தோலிக்கர் சொல்வர்.

அந்தத் துணியின் சிறு வடிவமே உத்தரியம். தீப்பெட்டி அளவான கம்பளித் துண்டுகள் இரண்டு; அவற்றை இணைக்கும் நாடாக்கள் இரண்டு. ஒரு துண்டு மார்பிலும் மற்றது முதுகிலும் கிடக்கும்படி சட்டைக்குள்ளே அணிவார்கள். என் மனைவி மட்டக்களப்புக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பன்னிரண்டு வயதில் ஒரு சுவாமியார் அதை அவருடைய கழுத்தில் போட்டார். பழையது நைந்து புதியது மாற்றும் ஒரு நிமிடத்தைத் தவிர அவர் அதைக் கழற்றியதில்லை. நானோ புரட்டஸ்தாந்துக் குடும்பத்தவன். போதாததற்குப் பௌதிகம் கற்பித்தவன். திருமணமான முதல் வாரத்திலேயே, அந்தக் காட்சியைப் பற்றிய ஏடுகள் மிகப் பிற்பட்டவை என்பதையும், வரலாற்றாசிரியர் பலர் அதை நம்புவதில்லை என்பதையும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் விளக்கினேன். அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "கறிக்குப் புளி காணுமா எண்டு ஒருக்காப் பாருங்க" என்றார்.

அன்று தொடங்கிய எரிச்சல் எனக்கு மொன்றியல் வரைக்கும் துணைக்கு வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் இருவரும் அகதிகளாகக் கனடாவின் அந்நகரை அடைந்தோம். எங்களை அழைத்துவந்த முகவர் இருவருக்குத்தான் வழியுண்டு என்றார். வயதுப் பெண்ணை அந்தக் கடற்பாதையில் கூட்டிவர நானும் துணியவில்லை. ஆகவே மகள் கொழும்பில், அவள் சின்னம்மம்மா என்று அழைக்கும் என் மனைவியின் சிறிய தாயாரோடு, ஒரு லொட்ஜில் தங்கினாள். பார்க் எக்ஸ்ரென்சன் என்ற பகுதியில் நிலமட்டத்துக்குக் கீழே இரண்டு அறைகள் எங்களுக்குக் கிடைத்தன. இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியராகவும், அவற்றுள் கடைசி ஐந்தில் உப அதிபராகவும் இருந்த நான், நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் 'ஒரு நிறுவனத்தின் களஞ்சியப் பிரிவில்' என்று குறிப்பிட்டேன். அது பொய்யன்று.

எங்கள் கோரிக்கை ஒருவாறு ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவிடப் பத்திரத்துக்கு மருத்துவப் பரிசோதனை ஒன்றே மீதி என்ற நிலை வந்தபோது, சட்டம் எங்களுக்கு ஓர் எல்லைக்கோடு கீறியது. இருபத்தொரு வயது நிறையுமுன் எங்கள் கோப்பு முடிந்தால் மகள் எங்கள் பிள்ளையாக வரலாம். நிறைந்துவிட்டால் அவள் சட்டத்தின் கண்ணில் தனியாள், தானே விண்ணப்பிக்க வேண்டும், அதாவது, வரமாட்டாள். அவளுடைய பிறந்தநாள் கார்த்திகையில். பரிசோதனைக்குச் சென்றது ஆவணியில். போதிய அவகாசம் என்றே கணித்தேன்.

அரசாங்கம் தந்த வைத்தியர் பட்டியலில் எங்கள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே இருவர் இருந்தனர். நான் புவாண்ட்-கிளேரிலிருந்த மருத்துவ நிலையத்தைத் தெரிந்தெடுத்தேன். வேலைத்தலத்துக்கு அருகில் என்று மனைவிக்குக் காரணம் சொன்னேன். உண்மையான காரணம், அங்கே ஆங்கிலம் பேசுவார்கள் என்பது. பிரெஞ்சு தெரியாமல் ஒரு வைத்தியர் முன் ஊமைபோல் நிற்பதை நான் விரும்பவில்லை. வைத்தியர் இளைஞர். முதற் சந்திப்பிலேயே அவரிடம், "நான் பௌதிகம் கற்பித்தவன். எதையும் மறைக்காமல் விஞ்ஞான முறையில் என்னிடம் பேசலாம்" என்று தெரிவித்துக்கொண்டேன். அவர் மரியாதையாகத் தலையசைத்தார். என் படம் எடுத்தாயிற்று. அடுத்து மனைவியின் முறை.

படம் எடுக்கும் பெண்மணி ஓய்வுபெறும் வயதை எட்டிய ஒரு கியூபெக் மாது. நரைத்த தலை, உரத்த குரல். என் தெரிவின் பயனாக, அந்த நிலையத்தில் ஆங்கிலம் பேசாத ஒரே ஆள் அவர்தான். கதவு சாத்தப்பட்டது. ஐந்து நிமிடத்தில் முடியவேண்டிய காரியத்துக்கு இருபது நிமிடம் சென்றது. என் மனைவி வெளியே வந்தபோது அந்த மாது அவருடைய கன்னத்தைத் தட்டி, "மெர்சி, மதாம், மெர்சி" என்று ஏனோ நன்றி கூறினார்.

பேருந்தில் கேட்டேன்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"அவவும் போட்டிருக்கா."

"எதை?"

"உத்தரியத்தத்தான். என்னுடையத் தொட்டுக் கும்பிட்டுட்டு, தன்ட சட்டைக்குள்ள இருந்து தன்டயும் எடுத்துக் காட்டினா. அவட அம்மா போட்டுவிட்டதாம்."

"உடுப்பெல்லாம் கழற்றச் சொல்லியிருப்பார்களே?"

"உடுப்புத்தான் கழட்டினன். இது துணிதானே, படத்தில விழாது, கிடக்கட்டும் எண்டு சொல்லிட்டா."

"எந்தப் பாஷையில் சொன்னார்?"

"கையால."

நான் இரண்டு பாஷையில் படித்துப் பட்டம் பெற்றவன். இருந்தும் அந்த மாதோடு காலை வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பரிமாற என்னால் முடியவில்லை. இவர் கையால் பேசி, அவருடைய தாயாரின் வரலாறு வரைக்கும் அறிந்துகொண்டு வந்திருந்தார். கம்பளித் துணி கதிர்வீச்சைத் தடுக்காது என்பது உண்மையே. ஆகையால் நான் மேலும் பேசவில்லை.

மூன்று வாரத்தின் பின் கடிதம் வந்தது. என் சோதனையில் குறையில்லை. மனைவியின் நெஞ்சுப் படத்தில் தெளிவற்ற நிழல்கள் தெரிவதால் மறுபடி வரவேண்டும். காசம் என்ற சொல் அதில் இல்லை. இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. ஒரு கடிதத்தின் மௌனத்தை வாசிக்கத் தெரியாதவன் உப அதிபராக இருக்க முடியாது.

இதை எவரிடமும் சொல்லவேண்டாம் என்று மனைவியிடம் கண்டிப்பாகக் கூறினேன். என் மனைவிக்கு இரகசியம் என்பது மெதுவான குரலில் சொல்லவேண்டிய செய்தி. சலவை இயந்திரங்கள் இருக்கும் கடையில் மேல்வீட்டுப் பெண்ணிடம் மெதுவான குரலில் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே அப்பெண்ணின் கணவர் படிக்கட்டில் என்னை மறித்தார். அவர் யாழ்ப்பாணத்தவர், ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குபவர், நல்ல மனிதர், ஆனால் கேட்கக்கூடாததைக் கேட்பதற்கென்றே பிறந்தவர்.

"மாஸ்ரர், அக்காவைத் திரும்பப் படமெடுக்கக் கூப்பிட்டவையாம்? நெஞ்சிலை ஏதுமோ?"

"ஒன்றுமில்லை. இயந்திரக் கோளாறு."

"எங்கட சனம் போனால் மட்டும் மெசினுக்கும் கோளாறு வந்திடுது, என்ன?" என்று சிரித்தவர், மேலே ஏறிக்கொண்டே, "எதுக்கும் கொஞ்ச நாளைக்குச் சின்னனுகளை உங்கட பக்கம் விடாமல் வைச்சிருப்பம். குறை நினையாதேங்கோ" என்றார்.

மறுநாளிலிருந்து அவருடைய மனைவி எங்கள் வீட்டுக் கோப்பையில் தேநீர் குடிப்பதை நிறுத்தினார். காலால் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே குசினிக்கு வருகிறவர், வாசலில் நின்று, வயிறு சரியில்லை என்பார். ஞாயிறு ஆராதனையில் எனக்கு அடுத்த இருக்கை இரண்டு வாரம் வெறுமையாகக் கிடந்தது. தற்செயலாக இருக்கலாம். நான் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

புரட்டாதியில் இரண்டாம் படம். அதே மாது, அதே மூடிய கதவு, அதே "மெர்சி". இம்முறை வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, இரண்டு படங்களையும் வெளிச்சப் பலகையில் அருகருகே மாட்டினார்.

"உங்களிடம் மறைக்கவேண்டியதில்லை என்று சொன்னீர்கள். ஆகவே காட்டுகிறேன். முதற்படத்தில் இங்கே, வலது மேற்பகுதியில் ஒரு நிழல். இங்கே, இடது பக்கம் தாழ்வாக இன்னொன்று. இரண்டாம் படத்தைப் பாருங்கள். வலதிலிருந்தது நடுவுக்கு வந்துவிட்டது. இடதிலிருந்தது மேலே ஏறியிருக்கிறது. இப்படி இடம் மாறும் நோயை நான் படித்ததில்லை. நெஞ்சு நோய் நிபுணரிடம் அனுப்புகிறேன். சளியையும் வளர்த்துப் பார்க்கவேண்டும். எல்லாம் முடிய இரண்டரை மாதம் செல்லலாம்."

இரண்டரை மாதம் என்றால் மார்கழி. மகளுக்கு இருபத்தொரு வயது நிறைந்து மூன்று வாரம் கடந்திருக்கும். அந்தக் கணக்கை மனத்தில் போட்டபடியே நான் படத்தைப் பார்த்தேன். மேலே ஏறியிருந்த அந்த நிழலின் ஓரத்தைப் பார்த்தேன். வைத்தியரின் கண் நோயைத் தேடியது. என் கண், பழக்கத்தினால், கோணத்தைத் தேடியது. அந்த நிழலின் ஒரு மூலை நேர்கோணமாக இருந்தது. மற்ற மூலைகள் மங்கியிருந்தன. ஆயினும் ஒரு மூலை மட்டம் வைத்துக் கீறியதுபோல் நின்றது. இயற்கையில் எந்த நோயும் நான்கு மூலையோடு வருவதில்லை.

வைத்தியர் கேட்டார். "படம் எடுக்கும்போது உங்கள் மனைவி ஆபரணம் எதையாவது அணிந்திருந்தாரா?"

"இல்லை" என்றேன்.

உத்தரியம் ஆபரணமன்று. நான் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் அந்த மனிதர் எதைக் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு எது பயன்படும் என்பதும் தெரியும். விஞ்ஞான முறையில் பேசச் சொன்ன வாயால், என் மனைவியின் கழுத்தில் எழுநூறு ஆண்டுப் பழமையான ஒரு நம்பிக்கை தொங்குகிறது என்று சொல்ல அந்த நேரத்தில் எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணினேன்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டேன்.

"அதற்குள்ளே என்ன வைத்திருக்கிறீர்? வெறும் கம்பளி நிழல் விழுத்தாது."

அவர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மிகச் சாதாரணமாக, "மடு மண்" என்றார்.

மடு மாதா கோவிலின் மண் பாம்புக் கடிக்கு மருந்து என்பது எங்கள் நாட்டில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் நம்புகிற விடயம். யாத்திரை போகிறவர்கள் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வருவார்கள், வீட்டு மூலைகளில் தூவுவார்கள், கிணற்றில் போடுவார்கள். என் மனைவி ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று உத்தரியத்தின் இரண்டு துண்டுகளிலும் தையலைப் பிரித்து, அந்த மண்ணை அரித்துச் சமமாக இட்டு, மறுபடி தைத்திருக்கிறார். மண் என்றால் படிகம், இரும்பு, சுண்ணாம்பு. கதிர்களை அது மறிக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவன்கூடச் சொல்லுவான்.

"மொன்றியலில் எங்கே இருக்கிறது பாம்பு?"

"பாம்பு ஒண்டுதான் கடிக்குமா?"

"சரி, அதைப் பிரித்து மண்ணை வெளியே எடும். துணி இருக்கட்டும். நான் வேறொன்றும் கேட்கவில்லை."

"ஏலாது."

"ஏன் ஏலாது?"

"மகள் வந்து சேருமட்டும் பிரிக்கமாட்டன் எண்டு நேந்துதான் தச்சனான். மூண்டு பேரும் ஒரு கூரைக்குக் கீழ வந்தாப் பிறகு நானே பிரிப்பன்."

"இந்த மண்ணால்தான் மகள் வராமல் போகப் போகிறாள். அது விளங்குதா உமக்கு?"

"இந்த மண்ணாலதான் நீங்களும் நானும் உயிரோட வந்தம். நடுக்கடலில எஞ்சின் நிண்ட அண்டைக்கு உங்கட பௌதிகமா இழுத்துக்கொண்டு வந்த?"

அதற்கு என்னிடம் விடை இருந்தது. அவர் குசினிக்குப் போய்விட்டார். கழற்றிவிட்டாவது படமெடுக்கலாமே என்று பின்னாலேயே சென்று கேட்டேன். கழற்றிய அந்த ஐந்து நிமிடத்தில் உயிர் போனால் யார் பொறுப்பு என்றார். ஐந்து நிமிடத்தில் யாருக்கும் உயிர் போகாது என்றேன். ஊரிலே ஐந்து நிமிடத்தில் எத்தனை பேருக்குப் போனது என்று திருப்பிக் கேட்டார். அது உண்மை. உண்மையான விடைகளைத் தவறான இடங்களில் பொருத்துவதில் என் மனைவிக்கு நிகரில்லை. அவர் தூங்கும்போது தையலை வெட்டிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். எண்ணியதையே குற்றமாகக் கருதுகிறேன், எழுதிவைக்கிறேன்.

அதன்பின் ஒன்பது நாட்கள் நான் வைத்தியரிடம் போகவில்லை.

ஒன்பது நாட்களும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். வேலை முடிந்து நகர நூலகத்துக்குச் சென்றேன். கதிர்ப்படங்களில் பொய் நிழல்கள் விழும் வகைகளைப் பற்றிய நூல்களை வாசித்தேன். தலைப்பின்னல், சட்டைப் பொத்தான், மருந்துப் பூச்சு, படத்தாளின் குறை என்று பலவகை இருந்தன. அவற்றுள் எங்கள் நிலைக்குப் பொருந்தக்கூடியதும், ஒரு கல்விமானின் வாயிலிருந்து வரத்தக்கதுமான ஒன்றைத் தேடினேன். தேங்காயெண்ணெய் தடவிய தடித்த கொண்டை ஓரளவுக்குப் பொருந்தும்போல் தோன்றியது. ஆனால் கொண்டைக்கு நான்கு மூலை கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டு கடிதம் வரைந்து இரண்டையும் கிழித்தேன்.

பத்தாம் நாள் காலையில் மகளின் கடிதம் வந்தது. வழமையாகப் பரீட்சை, மழை, சின்னம்மம்மாவின் முழங்கால் என்று நான்கு பக்கம் எழுதுகிறவள், இம்முறை அரைப் பக்கம் எழுதியிருந்தாள். லொட்ஜுக்குப் பொலிஸ் வந்து எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் பதிந்துகொண்டு போனார்களாம். பக்கத்து அறைப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போய் அடுத்த நாள் விட்டார்களாம். 'எப்ப முடியும் அப்பா?' என்று கடைசி வரி. மனைவி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுக் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லித் தப்பியிருப்பேன்.

பண்டகசாலைக்கு வரமாட்டேன் என்று தொலைபேசியில் அறிவித்துவிட்டு, அவரையும் கூட்டிக்கொண்டு புவாண்ட்-கிளேருக்குப் புறப்பட்டேன். நேரம் குறித்திராதபடியால் இரண்டு மணிநேரம் காத்திருந்து வைத்தியரைப் பார்த்தோம். சொல்லவேண்டியதை மூன்று பகுதியாக வகுத்து வைத்திருந்தேன்: அந்தத் துணியின் வரலாறு, மண்ணின் இயல்பு, நிழலின் காரணம். முதற் பகுதியின் நடுவிலேயே வைத்தியர் கையை உயர்த்தினார்.

"மண்ணா?"

"மண்."

"துணிக்குள்ளேயா? எதற்கு?"

"பாம்புக் கடிக்கு."

"மொன்றியலில் பாம்பு கிடையாதே."

"அதை நானும் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்குக் கோபம்கொள்ள ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. "இது உங்களுக்கு எப்போது தெரியவந்தது?" என்றார்.

"சென்ற முறை இங்கிருந்து போன அன்று."

"ஒன்பது நாட்கள்" என்று நாட்காட்டியைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். படமெடுக்கும் மாதை அழைத்தார். அவர்கள் பிரெஞ்சில் பேசிக்கொண்டார்கள். மாது முதலில் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு வைத்தியரைத் திட்டுவதுபோல் நீளமாக ஏதோ கூறினார். பிறகு என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னார். வைத்தியர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. கேட்டதற்கு, "அது முக்கியமில்லை" என்றார்.

மூன்றாம் படம். கழற்றவேண்டும் என்று வைத்தியர் ஆங்கிலத்திலும், நான் தமிழிலும், எடுத்துரைத்தோம். என் மனைவி நாற்காலியின் கைபிடியைப் பற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். மாது எங்கள் இருவரையும் கையால் விலக்கிவிட்டு, அவருடைய கழுத்திலிருந்த நாடாக்களைப் பிடித்து மேலே தூக்கினார். கழற்றவில்லை. ஒரு துண்டை நெற்றியிலும் மற்றதைப் பிடரியிலும் கிடக்கவிட்டு, நாடாக்கள் இரண்டையும் காதுகளுக்கு மேலாக ஒதுக்கினார். தலையில் கிடந்தாலும் அணிந்ததுதானே என்பதுபோல் தோளை ஏற்றி இறக்கினார். என் மனைவி எழுந்து நின்றார். சோதனைச்சாலையில் நாங்கள் ஆறு கிழமை தேடியிருந்தாலும் அந்த வழி எங்களுக்குத் தோன்றியிராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நெற்றியில் சிறு பெட்டிபோல அதைக் கட்டிக்கொண்டு அவர் அந்த மாதோடு உள்ளே போனதைப் பார்க்க என்னால் முடியவில்லை. சுவரிலிருந்த பல் துலக்கும் விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுக்கு அப்பால் இருவரும் நெடுநேரம் சிரித்தார்கள்.

அந்த ஆங்கிலத் துறவியின் மொழியை நான் ஒன்பது வயதிலிருந்து கற்றேன். அவருடைய மன்னர்களின் வரிசையை இன்றும் ஒப்பிப்பேன். அவர் விட்டுச் சென்றதோ, அவர் மொழியில் ஒரு சொல்லும் அறியாத இரண்டு பெண்களுக்கிடையே கைமாறிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றேன். இதில் எனக்கு இன்றைக்கும் நியாயம் தெரியவில்லை.

படத்தில் நெஞ்சு கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் காரியம் முடியவில்லை. முன்னைய நிழல்களுக்குக் காரணம் காட்டி வைத்தியர் குடிவரவு அலுவலகத்துக்கு எழுதவேண்டும். அவர் தட்டச்சு செய்வதை எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தலைகீழாக வாசிப்பது ஆசிரியர்களுக்குப் பழக்கம். 'சமயத் துணியொன்றினுள் நோயாளியால் தைக்கப்பட்டிருந்த மண்' என்று இருந்தது.

"வைத்தியரே, 'வெளிப் பொருளின் நிழல்' என்று எழுதினால் போதாதா?"

"எந்தப் பொருள் என்று அதிகாரி கேட்டு எழுதுவார். நான் பதில் எழுதவேண்டும். ஒரு மாதம் போகும்."

"அது நிரந்தரமாகக் கோப்பில் இருக்குமா?"

"இருக்கும்."

அகதிக் கோரிக்கையைத் தவிர இந்த நாட்டில் என்னைப் பற்றி வேறு எந்த ஆவணமும் அப்போது கிடையாது. என் பட்டச் சான்றிதழ்களை எவரும் பார்க்கக் கேட்டதில்லை. அதற்கு அடுத்து என் பெயரில் அரசாங்கக் கோப்பில் ஏறப்போவது இந்த மண். தலையசைத்தேன். அவர் தொடர்ந்து அடித்தார். அதிகாரி நம்பவேண்டும் என்பதற்காகவும் என்னிடம் கொண்டிருந்த மரியாதையினாலும், கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: 'தகவல் அளித்தவர்: நோயாளியின் கணவர், முன்னாள் உப அதிபர், பௌதிக ஆசிரியர்.' கையொப்பமிடச் சொன்னார். இட்டேன்.

மகளின் பிறந்தநாளுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அனுமதி கிடைத்தது. அவள் தை மாதத்தில் மிராபெல் விமான நிலையத்தில் வந்திறங்கினாள். மெலிந்திருந்தாள், மற்றப்படி நலம். மேல்வீட்டுப் பெண், எங்கள் கோப்பைகளில் மறுபடி தேநீர் குடிக்கத் தொடங்கியிருந்தவர், தன்னுடைய தடித்த மேலங்கியொன்றை அவளுக்கென்று கொடுத்து விட்டிருந்தார்.

நகரத்துக்கு வரும் பேருந்தில் தாயும் மகளும் ஓர் இருக்கையில். நான் அவர்களுக்குப் பின்னால். இந்த விடயத்தை ஆறுதலாக, ஒழுங்காக, நானே அவளுக்கு எடுத்துச் சொல்லுவேன் என்று மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். பேருந்து நெடுஞ்சாலையில் ஏறுமுன் அவர் தொடங்கிவிட்டார். அவருடைய கதையில் வைத்தியர் கண்கலங்கினார். படமெடுக்கும் மாது ஏறத்தாழ ஒரு புனிதை. நோய் நெஞ்சுக்குள் நடந்து திரிந்தது. நான் ஒன்பது நாள் நூலகத்தில் கொண்டையைப் பற்றிப் படித்தேன். கொண்டையை அவரிடம் ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நெத்தியில கட்டிக்கொண்டா நிண்டீங்க? ஐயோ அம்மா, என்னெண்டு அப்பா பாத்துக்கொண்டு நிண்டார்?"

"அவர் எங்க பாத்த? அவர் சுவரில பல்லப் பாத்துக்கொண்டு நிண்டார்."

மீண்டும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியபின், இருக்கையின் மேலாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, அந்த ஒம்பது நாளும் உங்களுக்குத் தெரியுமா? மண்தான் எண்டு?"

"ஓம்."

"அந்தக் கிழமதான் பொலிஸ் ரெண்டாந்தரம் வந்தவங்க. சின்னம்மம்மா என்னக் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டு, மேல தான் காய்ச்சல் எண்டு போத்துக்கொண்டு கிடந்தா. அத நான் எழுதல்ல."

அவள் குற்றஞ்சாட்டும் குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். என்னிடம் மூன்று பகுதியாக வகுத்த விளக்கம் எதுவும் இல்லை. என் பெயர், என் நிலை, மற்றவர் என்ன எண்ணுவார் என்பவற்றை அந்தப் பேருந்தில் எந்தச் சொல்லில் தொடங்கினாலும் அவை கட்டிலுக்குக் கீழே கிடந்த ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடியவையாக இருக்கவில்லை.

"நான் பயந்துபோனேன், மகள்" என்றேன்.

"எதுக்கு?"

"சிரிப்பார்கள் என்று."

தாய் அவளுடைய தலையைத் திருப்பி, தொப்பியைக் காது மூடும்படி இழுத்துவிட்டு, "முன்னுக்குப் பாத்து இரு, தலை சுத்தப் போகுது" என்றார். மகள் முன்னால் திரும்பிக்கொண்டாள். வெளியே வயல்களா ஏரிகளா என்று பிரித்தறிய முடியாதபடி எங்கும் வெண்பனி. பேருந்து நகரத்துக்குள் வரும்வரை அவளுடைய பிடரியைத்தான் நான் பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கும் இடத்தில் அவளுடைய பெட்டியை நான் தூக்கப் போனபோது, பாரம் அப்பா, ஒரு பக்கம் பிடியுங்க என்று மற்றக் கைபிடியை அவளே பிடித்துக்கொண்டாள்.